நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதவர்

செய்தி வந்தபோது நான் நான்காம் வகுப்பில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மா தந்தா வந்து கதவருகில் நின்றார். பள்ளி வாசலில் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ், விற்பவர் அவர். காலை வியாபார நேரத்தில் அண்டாவை விட்டு நகரவே மாட்டார். "சயாமா, ஊ சான் மியா போயிட்டாரு," என்றார் பர்மியில். சயாமா என்பது நான், டீச்சர். ஊ சான் மியா என்பது பள்ளிப் பதிவேட்டில் இருந்த பர்மியப் பெயர். லான்மடாவ் பேட்டைத் தமிழர்களான நமக்கு அவர் சேகு நானா, சேகு அண்ணன்; கயிறும் தார்ப்பாயும் விற்ற கடைக்காரர், எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவர். கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றது. பிள்ளைகளை அடுத்த அறை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாம் மாடி. பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். யாரோ தூரத்து உறவுக்காரப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தங்கமான மனுசன். யாரையும் எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல," என்றார். நானாவின் மனைவி ராபியா லாத்தா அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இவ யாரைச் சொல்றா டீச்சர்? வேற வீட்டுக்கு வந்துட்டாளா?"

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. இறங்கி வரும்போது கோபம் வந்தது. அன்று முழுவதும் இதையே கேட்டேன்: அமைதியானவர், அனுசரித்துப் போனவர், எல்லோருக்கும் வேண்டியவர். ஒரு மனிதரை அடக்கம் செய்வதற்கு முன்பே அவரைச் சாதுவாக்கி வைத்துவிடுகிறோம். அவர் அனுசரித்துப் போனவர் இல்லை. என்னோடு சண்டை போட்டிருக்கிறார், தலைமையாசிரியையோடு போட்டிருக்கிறார், கல்வி ஆபீஸ் அதிகாரியோடு ஊர் பார்க்கப் போட்டிருக்கிறார். அவரை அறிந்த உங்களுக்கு அதை நினைவுபடுத்தவே இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பள்ளிக்கூடம் மேலிருந்து வந்த காகிதத்தில் ஓடியது. சுவருக்கு என்ன நிறம், எந்த மாதம் எந்தப் பாடம், மணியை யார் அடிப்பது எல்லாம் காகிதத்தில் வரும். நாங்கள் அதற்கு ஒரு காகிதம் திருப்பி அனுப்புவோம். பிறகு சீர்திருத்தம் வந்தது. புதிய பாடப்புத்தகம் வந்தது, மழலையர் வகுப்பு வந்தது, கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இனிப் பள்ளியின் காரியங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த குழு கூடி முடிவு செய்யும். பெரிய மாற்றம்தான். ஆனால் நாங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டோம் என்றால், எழுத வேண்டிய பதிவேடுகளில் இன்னொன்று கூடியிருக்கிறது என்று.

குழுவின் செயலாளர் நான். எங்கள் வழக்கம் எளிது. கூட்டத்துக்கு முந்தின நாளே கூட்டக் குறிப்பை எழுதி முடித்துவிடுவோம். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எல்லோரும் ஒருமனதாக ஏற்றார்கள், தலைவர் நன்றி கூறினார். மறுநாள் வருகிறவர்கள் தேநீர் குடித்து, கையெழுத்துப் போட்டு, ஆபீஸுக்கு அனுப்ப ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான். எனக்கு இதில் பெருமை வேறு. அம்மா மிஷன் பள்ளியில் படித்தவர், அப்பா துறைமுகத்தில் கிளார்க். காகிதம் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது எங்கள் வீட்டு வேதம். என் பர்மியக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஆபீஸில் அதைக் காட்டி மற்றப் பள்ளிக்காரர்களைத் திட்டுவார்களாம்.

சேகு நானாவைத் தலைவராக்கியது எங்கள் தலைமையாசிரியை தோ மியா சேன். நாங்கள் சயாமாஜி என்போம். நானாவின் பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பில் படித்தாள். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது கேட்காமலே தார்ப்பாய் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவர். பள்ளிப்படிப்பு நாலாவதோடு நின்றது. கொடுப்பார், தலையாட்டுவார், வேறொன்றும் கேட்கமாட்டார் என்று சயாமாஜி கணக்குப் போட்டார்.

முதல் கூட்டத்தில் நான் குறிப்பேட்டை நீட்டினேன், பேனாவையும் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். தேநீர் ஆறியது. புகைப்படக்காரர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். இரண்டாம் பக்கம் வந்ததும் மூடி, "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாரேன்," என்றார்.

"சும்மா பார்த்துட்டுப் போடுங்க நானா, எல்லாம் வழக்கமா எழுதுறதுதான்."

"படிச்சவங்க நீங்க, பார்த்தா விளங்கிடும். எனக்குப் பார்த்தா விளங்காது டீச்சர். வாசிச்சாத்தான் விளங்கும்."

மூன்று நாள் வைத்திருந்தார். நாலாம் நாள் காலை சயாமாஜியின் அறைக்கு வந்து நின்றார். "இதுல தலைவர் நன்றி கூறினார்னு இருக்கு. நான் கூறலை," என்றார். எழுதியதை அடிப்பதா என்று நான் பதறினேன். அவர் அடிக்கச் சொல்லவில்லை. லொஞ்ஜியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, சயாமாஜிக்கும் எனக்கும் சுவரில் இருந்த கடிகாரத்துக்கும் முழுதாக ஒரு நன்றியுரை ஆற்றினார். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். "இப்பச் சரி," என்றார். அவர் போனதும் நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கோமாளி கிடைத்திருக்கிறார் என்று நினைத்தோம்.

சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது. கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தால் எந்தப் பெற்றோர் வருவார் என்று கேட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றினார். எங்கள் ஞாயிறு போயிற்று. நான் கோயிலிலிருந்து நேரே ஓடி வரவேண்டியதாயிற்று. படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், மா தந்தா, எல்லோரும் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை அவர் அடுத்தவரை விடமாட்டார். நாலு மணி நேரக் கூட்டங்கள். மா தந்தா முதல் மூன்று கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. நாலாவதில் பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார். பத்து வருடமாக அந்தப் பள்ளியில் இருந்த எனக்கு அது தெரியும், அதைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை.

அவருடைய பிடிவாதத்தால் நல்லது மட்டுமே நடந்தது என்று சொன்னால் நானும் அந்த மூக்குச் சிந்திய பெண்ணோடு சேர்ந்துவிடுவேன். மழலையர் வகுப்புக்குக் குட்டி நாற்காலிகள் வரும் என்று ஆபீஸ் சொன்னது. பெற்றுக்கொண்டோம் என்ற கையெழுத்து முதலில் போனால்தான் நாற்காலி புறப்படும். நாற்காலி வந்தால்தான் கையெழுத்து என்றார் நானா. ஒரு மழைக்காலம் முழுக்க ஐந்து வயசுப் பிள்ளைகள் ஈரத் தரையில் தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள், சளி பிடித்து இருமினார்கள். அவர் தினமும் வந்து அந்தத் தார்ப்பாயைத் துடைத்துக் காயவைத்தார், கையெழுத்து மட்டும் போடவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் முழுதாக மன்னிக்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். "மன்னிக்காதீங்க," என்றார். "நாற்காலிய அனுப்பாதவனையும் சேர்த்து மன்னிக்காதீங்க."

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதில் என் தப்பு இருக்கிறது.

சீர்திருத்தத்தின் அடுத்த படியாக, பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைப்பது என்று ஒரு திட்டம் வந்தது. எங்களை இணைக்கவிருந்த பள்ளி நல்ல பள்ளிதான். கணினி அறை உண்டு. ஆனால் அது ஆற்றங்கரைப் பெருஞ்சாலைக்கு அந்தப்பக்கம், கன்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் போகும் சாலை. எங்கள் பிள்ளைகளின் தாய் தகப்பன் விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் தானாக நடந்து வருபவர்கள். அந்தச் சாலை என்றால் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மூன்று தாய்மார் என்னிடமே சொன்னார்கள். ஆபீஸிலிருந்து வந்த உறையில் திட்டத்தோடு தீர்மானமும் இருந்தது. "பெற்றோர் ஒருமனதாகச் சம்மதித்தனர்" என்று அச்சடித்திருந்தது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

சயாமாஜி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நல்லபடியா எழுதிடுங்க. இது வரலைன்னா செயலாளர்தான் பொறுப்புன்னு சொல்றாங்க. ஆறு தாண்டி ஒரு இடம் காலியா இருக்காம்." அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். சனிக்கிழமை உட்கார்ந்து, அச்சுப் போன்ற என் கையெழுத்தில், மா தந்தா முன்மொழிந்தார் என்று எழுதினேன். தாழ்ப்பாளைத் தவிர எதையும் கேட்காத அந்தப் பெண், தன் மகளின் பள்ளியை மூடும்படி முன்மொழிந்ததாக எழுதினேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அதிகாரியும் வந்தார். தாழ்வாரம் நிரம்பியிருந்தது. நானா குறிப்பேட்டை வாங்கினார், கண்ணாடியைத் துடைத்தார். இந்த முறை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே உரக்க, விரல் வைத்து வாசித்தார். ஒரு பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"மா தந்தா முன்மொழிந்தார்னு இருக்கு. மா தந்தா, நீங்க முன்மொழிஞ்சீங்களா?"

"நான் இப்பத்தானே வந்தேன், ஊ சான் மியா. என்னத்த முன்மொழிய?"

"பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். நானா அடுத்த பெயரை வாசித்தார். அவரும் இல்லை என்றார். அடுத்தது, அடுத்தது. கடைசியில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பர்மியிலேயே கேட்டார், எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று.

"டீச்சர், இந்தக் கூட்டம் எப்ப நடந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபோது வாய் வரவில்லை. "நடக்கலை. நேத்து வீட்ல வெச்சு எழுதினேன்," என்றேன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "கெய்சா மஷிபூ," என்றார். பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று நம் ஊரே நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை. "இது வெறும் நடைமுறைதானே, ஊ சான் மியா."

நானா தன் சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தார். குழு அமைக்கச் சொல்லி முதலில் வந்த அதே உத்தரவு. நாங்கள் எல்லோரும் கோப்பில் போட்டு மறந்ததை அவர் பிரதி எடுத்து வைத்திருந்தார். "இது நீங்க அனுப்புனதுங்க. பெத்தவங்க கூடி முடிவு பண்ணணும்னு எழுதியிருக்கு. நான் நாலாவது படிச்சவன், மூணு நாளு ஆச்சு வாசிக்க. பெத்தவங்க கூடலை. முடிவு பண்ணலை. நான் இதுல கையெழுத்துப் போட்டா உங்க உத்தரவை நானே மீறுனதா ஆயிடும். அரசாங்கத்தை எதுக்கிற ஆளு நான் இல்லைங்க."

அவ்வளவு பணிவாக ஒருவர் இன்னொருவரை மூலையில் நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். புதுப் பக்கம் எடுக்கச் சொன்னார். "இப்பக் கூடுறோம். யார் என்ன சொல்றாங்களோ அதை எழுதுங்க. சொல்லாததை எழுதாதீங்க." பதினான்கு பக்கம் எழுதினேன். லாரி, சாலை, விடியற்காலை வேலை, நிறுத்தப்போகிற பெண்பிள்ளைகள், கணினி அறை வேண்டும் என்று இணைப்புக்குச் சம்மதித்த இரண்டு தகப்பன்மார், எல்லாம். அவர்கள் இருவரும் பேசும்போது கூச்சல் போட்டவர்களை நானா அதட்டி உட்காரவைத்தார். என் அச்செழுத்து கோணலாகிப் போயிற்று. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.

திட்டம் நின்றது. ரத்து என்று யாரும் சொல்லவில்லை, பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பள்ளி மூடவில்லை. என்னை த்வாண்டே பக்கம் மாற்றினார்கள். காலை படகில் ஆற்றைத் தாண்டி, அங்கிருந்து ஆள் ஏற்றும் லைன் கார் வண்டி பிடித்து, வயல் நடுவே ஒரு பள்ளிக்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன். நானா மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கிளம்பும் முன் கடைக்குப் போய்க் கத்தினேன். "உங்களுக்கென்ன, கடை இருக்கு. போறது நான்."

கயிறு அளந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன். "என்னாலதான் போறீங்கன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். உண்மைய எழுதினதாலதான் போறீங்க. அந்தப் பேரை நான் எடுத்துக்கக் கூடாது," என்றார். நான் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். ஆனால் நான் அங்கே இருந்த காலமெல்லாம் ராபியா லாத்தா வாரத்தில் மூன்று நாள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். யார் அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

அதன்பின் வந்த வருடங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். நோய் வந்தது, ஆட்சி மாறியது. பள்ளி மூடியது, திறந்தது. சில ஆசிரியர்கள் திரும்பவில்லை, பல பிள்ளைகளும் திரும்பவில்லை. யார் ஏன் வரவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. சயாமாஜி ஓய்வு பெற்றுப் போனார். கடைசிவரை அவர் நானாவோடு பேசவில்லை. நான் திரும்பி வந்தபோது குழு பெயரளவில் மட்டுமே இருந்தது. ஆனால் பெற்றோர் குழுக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், என் பக்கங்களுக்குப் பிறகு, நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போன்ற பெரிய பெரிய எழுத்தில் சில வரிகள் இருந்தன. மாதத்துக்கு ஒன்று. "வந்தேன். வேறு யாரும் வரவில்லை. கூட்டம் நடக்கவில்லை." காவலாளியைக் கேட்டேன். பள்ளி திறந்திருந்த மாதமெல்லாம் கடைசி ஞாயிறு வருவாராம், தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் இருப்பாராம், எழுதிவிட்டுப் போவாராம். கிறுக்கு என்று நினைத்ததாகச் சொன்னார். நான் அந்தப் பக்கங்களின் மீது கையை வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு நாட்டில் அத்தனையும் நின்றுபோன காலத்தில், நடக்காததை நடக்கவில்லை என்று எழுதிவைக்க ஒருவர் மாதாமாதம் மூன்று மாடி இறங்கி வந்திருக்கிறார்.

அவர் மறைந்த மூன்றாம் வாரம் ஒரு உறை வந்தது. அதே இணைப்பு. புதிய பெயரில், புதிய சீர்திருத்தம் என்று. பிள்ளைகள் இப்போது இன்னும் குறைவு என்பது காரணம். அதே ஒருமனதான தீர்மானம். காலியான தலைவர் இடத்துக்கு யாரைத் "தேர்ந்தெடுத்தோம்" என்பதும் அதிலேயே தட்டச்சாகி வந்திருந்தது. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. புதிய தலைமையாசிரியை சின்னப் பெண், நல்ல பெண், பயந்த பெண். "சயாமா, இந்த ஒரு தடவை..." என்று தொடங்கினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை அவருக்கு முன்னால் உரக்க வாசித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக. பாதியில் அந்தப் பெண்ணே, "போதும், கூட்டத்தைக் கூட்டுங்க," என்றார்.

மா தந்தா வீடு வீடாகப் போனார். கடந்த ஞாயிறு கூடினோம். நாற்பது பேர்கூட இல்லை. சிலர் பயந்து வெளியே நின்று, ஜன்னல் வழியாகப் பேசினார்கள். தலைவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் மா தந்தாவைப் பார்த்தார்கள். அவர் கையை லொஞ்ஜியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் பேசினோம். ஒரு தாய் இணைப்புக்குச் சம்மதம் என்றார், அதையும் எழுதினேன். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். இன்று காலை பிரதியை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோம். என்ன பதில் வரும் என்று தெரியாது. எனக்கு என்ன வரும் என்பதும் தெரியாது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போகிறவர்கள் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லுங்கள், ஆனால் சாதுவானவர் என்று சொல்லாதீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அன்பான நினைவு அல்ல, ஒரு வேலை. நேற்று மாலை மா தந்தாவும் நானும் குறிப்பேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு வாசிக்க வராது. நான் வாசித்தேன், அவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமாம், சொன்னேன்", "ஆமாம், அவங்க சொன்னாங்க" என்றார். கடைசி வரி இது: "பள்ளியை மூடப் பெற்றோர் சம்மதிக்கவில்லை." மா தந்தா பெருவிரலை மையில் அழுத்தி அதன் கீழே வைத்தார்.